யானைப் பாகன் மகன் சாபு: கபினிக் கரையிலிருந்து பாக்தாத் வரை

மைசூருக்குத் தென்மேற்கே, எச்.டி. கோட்டே தாலுகாவில், கபினி ஆற்றை ஒட்டிக் காராபூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. விடுமுறை நாட்களில் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு யானை பார்க்கப் போகிறவர்கள் பலரும் அந்தப் பக்கம் போய் வந்திருப்பார்கள். அங்கே ஒரு யானைப் பாகன் வீட்டில் பிறந்த பையன் பதின்மூன்று வயதில் உலகப் புகழ் பெற்றான் என்பதும், முப்பத்தொன்பது வயதில் கடல் கடந்த நாட்டில் கண் மூடினான் என்பதும் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவன் பெயர் சாபு. ஹாலிவுட்டில் பெரிய நட்சத்திரம் என்ற பெயரை எடுத்த முதல் இந்தியன் அவன்தான்.

அவன் நடித்த 'பாக்தாத் திருடன்' 1940ல் வெளிவந்த வண்ணப்படம். பறக்கும் குதிரை, பறக்கும் கம்பளம், சீசாவிலிருந்து புகையாகக் கிளம்பி வானளவு வளரும் பூதம் என்று அதிசயங்கள் நிறைந்த வீர சாகசக் கதை. நிறம் மங்கி, கோடு விழுந்து, ஒலி கரகரத்துப் போன பிரதிகளில்தான் நீண்ட காலம் பலர் அதைப் பார்த்து வந்தார்கள். 2008ல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் அதைத் துலக்கி, இரண்டு வட்டுகள் கொண்ட தொகுப்பாக வெளியிட்டது. மார்ட்டின் ஸ்கார்செசி, பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா என்ற இரண்டு பெரிய டைரக்டர்கள் அந்தத் தொகுப்பில் படத்தைப் பற்றித் தங்கள் கருத்துக்களைப் பேசிப் பதிவு செய்திருக்கிறார்கள். 2011ல் அதே நிறுவனம் சாபுவின் மூன்று படங்களை ஒன்று சேர்த்து, அவன் பெயரையே தலைப்பாக இட்டு இன்னொரு தொகுப்பை வெளியிட்டது.

வீட்டில் உட்கார்ந்தபடி அந்தப் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பூதமோ கம்பளமோ அல்ல. இடுப்பில் ஒரு துணி, முகமெல்லாம் சிரிப்பு, பயம் அறியாத கண்கள். நம் பக்கத்து ஊர்ப் பையன்! அவன் அங்கே எப்படிப் போனான்? போனவன் என்ன ஆனான்? அதுதான் இந்தக் கதை.

யானைக் கொட்டிலில் வளர்ந்தவன்

சாபு பிறந்தது 1924ஆம் ஆண்டு ஜனவரி 27ந் தேதி. தந்தை மைசூர் மகாராஜாவின் யானைகளைப் பார்த்துக்கொண்ட பாகன். இஸ்லாமியக் குடும்பம். தாயைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே இழந்தான். சில ஆண்டுகளில் தந்தையும் போய்விட்டார். அண்ணன் ஷேக்கும் அரண்மனை யானைக் கொட்டிலும்தான் மிச்சம். யானையின் காலடியில் தூங்கி, யானையோடு ஆற்றில் குளித்து வளர்ந்தான் சாபு. அந்த வயதுப் பையன்கள் பம்பரம் விடுகிற இடத்தில் அவன் மலை போன்ற கொம்பன் யானையின் காதைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தான்.

அப்போது மைசூரை ஆண்டவர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். அவருடைய ராஜ்யத்தில் காகனகோட்டைக் காடு 'கெட்டா'வுக்குப் பெயர் போனது. காட்டு யானைக் கூட்டத்தைத் தாரை தப்பட்டை முழங்க ஆற்றுப் பக்கம் துரத்தி வந்து, பெரிய மரங்களை நட்டு அமைத்த அடைப்புக்குள் ஓட்டிப் பிடிப்பதுதான் கெட்டா. வைஸ்ராய்களும் வெளிநாட்டுப் பிரமுகர்களும் அதைப் பார்க்க வந்து போவார்கள்.

1935ல் அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு சினிமாக் குழு வந்து சேர்ந்தது. தலைவர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி. வடதுருவப் பக்கத்து எஸ்கிமோ மக்களின் வாழ்க்கையை 1922ல் 'நானூக்' என்ற படமாக எடுத்துப் புகழ் பெற்றவர். பணம் போட்டவர் லண்டனில் சினிமாத் தொழிலில் கொடி கட்டிப் பறந்த அலெக்சாண்டர் கோர்டா. அவர் ஹங்கேரியிலிருந்து வந்தவர். கதை, பம்பாயில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங் எழுதியது. டூமாய் என்ற பாகன் மகனும் காலா நாக் என்ற யானையும் அதில் பாத்திரங்கள். காட்டு யானைகள் நள்ளிரவில் கூடி ஆடுகிற ஆட்டத்தை அந்தச் சிறுவன் மட்டும் பார்க்கிறான் என்பது கதை.

டூமாயாக நடிக்க ஒரு பையன் வேண்டும். பல பையன்களைப் பார்த்தார்கள். காமிராமேன் ஆஸ்மண்டு பொரடேல் கண்ணில் பட்டவன் சாபு. ஆங்கிலம் தெரியாது. காமிரா என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் யானை அவன் சொன்னபடி கேட்டது. காலா நாக்காக வந்தது அரண்மனை யானை ஐராவதம்.

மாதக் கணக்கில் மைசூர்க் காடுகளில் படம் எடுத்தார் ஃபிளாஹர்ட்டி. அவருடைய மனைவி பிரான்சஸ் அந்த நாட்களைப் பற்றி எழுதிய கடிதங்கள் பின்னால் புத்தகமாகவும் வந்தன. பிலிம் சுருள் சுருளாக லண்டனுக்குப் போனது. ஆனால் அங்கே பார்த்தவர்களுக்குக் கதை போதவில்லை. ஆகவே சாபுவையும் அண்ணன் ஷேக்கையும் 1936ல் கப்பலேற்றி லண்டனுக்கு வரவழைத்தார்கள். டென்ஹாம் ஸ்டுடியோவில் காடு போல் செட் போட்டு, கோர்டாவின் தம்பி சோல்டான் மீதிக் காட்சிகளை எடுத்தார். இந்தியப் பாத்திரங்கள் சிலவற்றில் முகத்தில் கறுப்பு மை பூசிய வெள்ளைக்காரர்கள் நடித்தார்கள். அவர்களுக்கு நடுவில் உண்மையான இந்தியனாக நின்றவன் சாபு.

'யானைச் சிறுவன்' 1937ல் வெளிவந்தது. வெனிஸ் திரைப்பட விழாவில் ஃபிளாஹர்ட்டிக்கும் சோல்டானுக்கும் சிறந்த டைரக்டர்களுக்கான பரிசு கிடைத்தது. பத்திரிகைகள் புகழ்ந்தது பையனைத்தான். மைசூர்க் கொட்டிலில் நின்றவனைப் படம் பிடிக்க லண்டன் தெருக்களில் போட்டோகிராபர்கள் காத்து நின்றார்கள். இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஆங்கிலம் கற்றுக்கொண்டான்.

பெயரில் ஒரு பிழை

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். உலகம் முழுவதும் சாபு தஸ்தகீர் என்றே அவன் பெயரை எழுதி வந்தார்கள். தஸ்தகீர் என்பது உண்மையில் அண்ணனுடைய பெயர் என்றும், வெளிநாடு போகும்போது காகிதங்களில் தம்பிக்கும் அதையே எழுதிவிட்டார்கள் என்றும் பின்னால் ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். செலார் சாபு என்பதே அவன் பெயராம்.

பதிவேட்டில் பேர் எழுதுகிற உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. ஒரு முறை தவறாக விழுந்த எழுத்து, அதன் பிறகு எத்தனை காகிதம் மாறினாலும் கூடவே வரும். தகப்பன் பெயர், பிறந்த ஊர், இனிஷியல் என்று வெளி மாநிலத்தில் பிழைக்க வந்தவர்கள் ஆளுக்கொரு அனுபவம் சொல்வார்கள். இந்தப் பையன் உலகப் புகழ் பெற்றதனால் பிழையும் உலகப் புகழ் பெற்றுவிட்டது.

சொந்த நாட்டில் எதிர்ப்பு

அடுத்த படம் 1938ல் வந்த 'டிரம்', அதாவது முரசு. வடமேற்கு எல்லைப்புறத்துக் கதை. இதில் சாபு அசீம் என்ற இளவரசன். சித்தப்பன் சூழ்ச்சி செய்து சகோதரனையே கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான். வெள்ளைக்கார அதிகாரிகளை விருந்துக்கு அழைத்துக் கொல்லத் திட்டமிடுகிறான். இளவரசன் முரசொலியால் எச்சரித்து அவர்களைக் காப்பாற்றுகிறான். பளபளக்கும் வண்ணத்தில் எடுத்த படம். மலைக்காட்சிகளில் பெரும் பகுதி இங்கிலாந்துக்கு அருகில் உள்ள வேல்ஸ் பகுதியில் எடுக்கப்பட்டவை.

இங்கிலாந்தில் கூட்டம் அலைமோதியது. இந்தியாவில் நடந்தது வேறு.

சுதந்திரப் போராட்டம் சூடாக இருந்த காலம். பம்பாய், சென்னை இரண்டு மாகாணங்களிலும் காங்கிரஸ் மந்திரிசபை நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரன் நல்லவன், எல்லைப்புறத்து மக்கள் துரோகிகள் என்று காட்டுகிற படத்தை எப்படிப் பொறுப்பார்கள்? பம்பாயில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. சென்னையிலும் எதிர்ப்புக் கிளம்பியது. படம் திரையிடுவது நிறுத்தப்பட்டது.

கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பையனுக்கு அப்போது வயது பதினான்கு. கதையை எழுதியவன் அவன் அல்ல, எடுத்தவனும் அவன் அல்ல. யானையை விட்டு இறங்கு என்றார்கள், இறங்கினான். குதிரையில் ஏறு என்றார்கள், ஏறினான். உலகத்தின் பாதி அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடியபோது, சொந்த நாட்டில் அவன் முகம் போட்ட போஸ்டரை மக்கள் வெறுத்தார்கள். சாபுவின் வாழ்க்கை முழுவதும் இந்த முடிச்சு அவிழவே இல்லை.

பாக்தாத் திருடன்

பிறகு வந்ததுதான் 'பாக்தாத் திருடன்'. டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் நடித்து 1924லேயே அந்தப் பெயரில் ஓர் ஊமைப்படம் வந்திருந்தது. கோர்டா எடுத்தது புதுக் கதை. பாக்தாத் மன்னன் அகமதுவை மந்திரி ஜாஃபர் வஞ்சகமாகச் சிறையில் தள்ளுகிறான். அங்கே அவனுக்குக் கிடைக்கும் துணை அபு என்ற குட்டித் திருடன். இருவரும் தப்பிப் பஸ்ரா நகருக்குப் போகிறார்கள். அகமது இளவரசியைக் கண்டு மையல் கொள்கிறான். ஜாஃபர் மந்திர சக்தியால் அகமதுவைக் குருடனாக்குகிறான், அபுவை நாயாக்கிவிடுகிறான். சாபம் நீங்கிய பிறகு அபு பூதத்தை ஏமாற்றி அடக்குவதும், ராட்சதச் சிலந்தியோடு மோதி எல்லாவற்றையும் காட்டும் கண்ணைப் பறிப்பதும், கடைசியில் கம்பளத்தில் பறந்து வந்து நண்பனைக் காப்பதும்தான் படம்.

மந்திரியாக நடித்தவர் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய கான்ராட் ஃபைட். பூதமாக வந்தவர் கறுப்பின நடிகர் ரெக்ஸ் இங்ரம். டென்ஹாமில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது 1939 செப்டம்பரில் உலகப் போர் மூண்டது. இங்கிலாந்தில் தொடர முடியவில்லை. குழுவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றார் கோர்டா. பூதமும் பையனும் நிற்கும் பாறைவெளிகளில் சில அமெரிக்காவின் கிராண்டு கேனியன் பள்ளத்தாக்கு. படத்தில் பெயர் போட்ட டைரக்டர்களே மூன்று பேர். பெயர் போடாமல் வேலை செய்தவர்கள் வேறு.

படம் மூன்று ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. வண்ண ஒளிப்பதிவுக்கு ஒன்று, கலை அமைப்புக்கு ஒன்று, தந்திரக் காட்சிகளுக்கு ஒன்று. நீலத்திரைக்கு முன்னால் நடிகரை நிறுத்திப் படம் எடுத்து, பிறகு வேறொரு காட்சியோடு இணைக்கும் முறையை இத்தனை பெரிய அளவில் கையாண்ட முதல் வண்ணப்படம் இதுதான். லாரி பட்லர் என்பவர் அந்த முறையை உருவாக்கினார். இன்றைய படங்களில் பச்சைத் திரை போட்டு எடுக்கிறார்களே, அதற்கெல்லாம் பாட்டன் இது. பூதத்தின் பாதத்தைச் சில காட்சிகளுக்கு நிஜமாகவே ராட்சத அளவில் செய்து வைத்தார்கள். அதன் பக்கத்தில் சாபு எறும்பு மாதிரித் தெரிவான்.

பின்னால் வந்தவர்கள் இந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது கொஞ்சமல்ல. 1992ல் டிஸ்னி நிறுவனம் எடுத்த 'அலாவுதீன்' கார்ட்டூன் படத்தில் கெட்ட மந்திரியின் பெயர் ஜாஃபர். கதாநாயகனின் குரங்குக்குப் பெயர் அபு! தமிழில் எம்.ஜி.ஆரும் வைஜயந்திமாலாவும் நடித்த 'பாக்தாத் திருடன்' 1960ல் வெளிவந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

படத்தின் முடிவு முக்கியமானது. ஆட்சி திரும்பக் கிடைத்த மன்னன், அபுவைப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்து மந்திரியாக்கப் போவதாகச் சபையில் அறிவிக்கிறான். அபுவுக்கு அது பிடிக்கவில்லை. நைசாக நழுவிக் கம்பளத்தில் ஏறிப் பறந்து விடுகிறான். போகுமிடம் எது என்று அவனுக்கே தெரியாது. சிரித்தபடி போகிறான்.

மூன்று நெகட்டிவ்களின் கதை

வட்டில் பார்க்கும்போது அந்த நீலக் கடலும் சிவப்பு அங்கியும் எப்படி இத்தனை பளிச்சென்று இருக்கின்றன என்று தோன்றும். அதன் பின்னால் ஒரு பெரிய உழைப்பு இருக்கிறது.

அந்தக் கால டெக்னிகலர் காமிராவில் வண்ண பிலிம் கிடையாது. கண்ணாடிப் பட்டகத்தால் ஒளியைப் பிரித்து, ஒரே சமயத்தில் மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் பதிவு செய்வார்கள். சிவப்பின் பங்கு ஒன்றில், பச்சையின் பங்கு ஒன்றில், நீலத்தின் பங்கு ஒன்றில். பிறகு ஒவ்வொன்றுக்கும் உரிய சாயத்தை ஒன்றன் மேல் ஒன்றாக அச்சடித்தால் வண்ணப்படம். ஞாயிற்றுக்கிழமை மலர் அச்சடிக்கிறவர்களைக் கேளுங்கள், உடனே புரியும். ஒரு நிறத்தின் பிளேட் நூலளவு நகர்ந்தாலும் நடிகையின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் நிற்கும்.

படத்திலும் அதே கதைதான். அந்தக் கால நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும், நாளாவட்டத்தில் சுருங்கும், கெட்டுப் போகும். மூன்று நெகட்டிவ்களும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. பழையபடி அச்சடித்தால் உருவத்தைச் சுற்றி நிறக் கோடு தெரியும். இப்போது மூன்றையும் தனித்தனியே கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு சட்டத்தையும் ஒன்றோடொன்று பொருத்தி, கீறலையும் தூசியையும் நீக்கி, நிறத்தைச் சரி செய்கிறார்கள். ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள். ஒரு மணி நேரப் படம் என்றால் 86,400 சட்டங்கள். இது ஒன்றே முக்கால் மணி நேரப் படம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சாபுவின் எல்லாப் படங்களுக்கும் நெடுங்காலம் இந்த யோகம் இருக்கவில்லை. 1942ல் சோல்டான் கோர்டா எடுத்த 'ஜங்கிள் புக்' படத்தில் ஓநாய்கள் வளர்த்த மௌக்ளியாக வந்தான் சாபு. நான்கு ஆஸ்கார்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம். மிக்லோஸ் ரோசாவின் இசையைப் பின்னணியில் வைத்து, சாபுவே கதை சொல்லும் கிராமபோன் இசைத்தட்டும் வந்தது. ஆனால் அமெரிக்காவில் அந்தப் படத்தின் காப்புரிமை போய்விட்டதால், யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்கலாம் என்ற நிலை வந்தது. பிரதிக்குப் பிரதி எடுத்த மங்கல் காசெட்டுகள் கடைகளில் மலிந்தன. அவற்றில் மௌக்ளியின் முகம் ஒரு பழுப்பு நிழல். 2011 தொகுப்பில்தான் 'யானைச் சிறுவன்', 'டிரம்', 'ஜங்கிள் புக்' மூன்றும் பார்க்கும்படியான பிரதிகளாக ஒரே பெட்டியில் கிடைத்தன.

குண்டு வீச்சு விமானத்தில்

அமெரிக்காவிலேயே தங்கிவிட்டான் சாபு. யூனிவர்சல் நிறுவனம் மரியா மாண்டஸ், ஜான் ஹால் என்ற ஜோடியோடு அவனைச் சேர்த்து 'அரேபியன் நைட்ஸ்', 'ஒயிட் சாவேஜ்', 'கோப்ரா உமன்' என்று வரிசையாகப் படம் எடுத்தது. வசூல் குறையவில்லை. ஆனால் அவன் இப்போது கதாநாயகன் அல்ல, கதாநாயகனின் தோழன். கதை நடக்கும் நாடு அரேபியாவானாலும் தென்கடல் தீவானாலும் அவனுக்குக் கொடுத்த வேலை ஒன்றே. சட்டை போடாமல் ஓடிச் சிரிக்க வேண்டும்.

1944 ஜனவரியில் அவருக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. இந்தியர்களுக்குப் பொதுவாக அந்த உரிமையை வழங்கும் சட்டம் 1946ல்தான் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. இனி 'அவன்' என்று எழுதுவது முறையாகாது. சினிமாவில் பையனாகவே வைத்திருந்தவர்களுக்கு மத்தியில், நிஜ வாழ்க்கையில் அவர் ஆண்மகனாக நின்ற இடம் இது.

அமெரிக்க விமானப் படையில் சேர்ந்தார். பி-24 லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டு வீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரர். அந்த வேலையில் போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். எதிரி விமானம் முதலில் குறி வைப்பது துப்பாக்கிக் கூண்டைத்தான். பசிபிக் கடல் மீது பல பத்து முறை பறந்து போய்ப் பத்திரமாகத் திரும்பினார் சாபு. சிறந்த பறப்புச் சேவைச் சிலுவை என்ற உயர்ந்த விருது அவர் மார்பில் ஏறியது. கம்பளத்தில் பறந்த பையன் என்று உலகம் ரசித்த ஆள், நிஜமான வானத்தில் நிஜமான குண்டுகளுக்கு நடுவே பறந்தது இப்படித்தான்.

வாய்ப்புகள் குறைந்த காலம்

போர் முடிந்தது. திரும்பி வந்தபோது சினிமா மாறியிருந்தது. 1947ல் மைக்கேல் பவல், எமரிக் பிரஸ்பர்கர் இருவரும் எடுத்த 'பிளாக் நார்சிசஸ்' படத்தில் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு படிக்க வரும் இளம் ஜெனரலாக அருமையாக நடித்தார். இமயமலையில் நடக்கும் கதை. ஆனால் இந்தியாவில் ஓர் அடி கூட எடுக்கவில்லை. மலையும் பள்ளமும் பைன்வுட் ஸ்டுடியோவில் வரைந்தவை. அது இரண்டு ஆஸ்கார் பெற்றது. 1948ல் ஜிம் கார்பெட்டின் புத்தகப் பெயரை வைத்து எடுத்த 'குமாவுன் புலி' படத்திலும் நடித்தார். 1949ல் 'சாங் ஆஃப் இந்தியா'.

அதோடு பெரிய வாய்ப்புகள் முடிந்தன. நடிப்பில் குறை இல்லை. இருபத்தைந்து வயது இந்தியனுக்கு என்ன வேஷம் கொடுப்பது என்று ஹாலிவுட்டுக்குத் தெரியவில்லை. டாக்டர் வேஷம், வக்கீல் வேஷம், குடும்பத் தலைவன் வேஷம் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு. அவருக்குக் காடு, யானை, புலி. 1950களின் தொடக்கத்தில் லண்டன் ஹாரிங்கே அரங்கில் நடந்த சர்க்கஸில் யானைகளோடு வேடிக்கை காட்டினார். காராபூரில் கற்ற வித்தைதான் அங்கேயும் கைகொடுத்தது.

குடும்ப வாழ்வில் நிறைவு இருந்தது. 1948ல் மேரிலின் கூப்பர் என்ற நடிகையை மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். அமெரிக்காவில் கட்டட, மனைத் தொழிலில் ஈடுபட்டுக் கௌரவமாக வாழ்ந்தார். சினிமாவை நம்பி ஏமாந்து தெருவில் நின்ற நடிகர்களின் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க முடியாது.

நழுவிப்போன இந்தியப் படம்

இந்தியாவில் நடிக்க ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. டைரக்டர் மெஹபூப் கான் 'மதர் இந்தியா' எடுக்கத் திட்டமிட்ட காலம். தாயை எதிர்த்துக் கொள்ளைக்காரனாகும் மகன் பிர்ஜு வேஷத்துக்கு அவர் நினைத்தது சாபுவைத்தான். ஆனால் சாபு அப்போது அமெரிக்கக் குடிமகன். இந்தியாவில் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். அது கிடைக்கவில்லை. வேஷம் சுனில் தத்துக்குப் போனது. 1957ல் வெளிவந்த படம் சரித்திரம் படைத்தது. சுனில் தத்தும் நட்சத்திரமானார்.

எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது. பிர்ஜு சிரித்துக்கொண்டு ஓடுகிற பையன் அல்ல. கோபம் உண்டு, தாகம் உண்டு, தாய் கையால் சாவும் உண்டு. சாபுவுக்கு யாருமே கொடுக்காத வேஷம் அது. வந்திருந்தால் நம்மவர்கள் அவரை ஏற்றுக்கொண்டிருப்பார்களா, 'டிரம்' படத்தின் கசப்பு மறைந்திருக்குமா என்பதெல்லாம் வெறும் யூகம். இந்திய மண்ணில் பிறந்து, இந்தியன் என்ற அடையாளத்தாலேயே பிழைத்த நடிகர், இந்தியப் படம் ஒன்றில் கூட நடிக்காமல் போனார் என்பதே உண்மை. வெளியில் அவர் அந்நியர், உள்ளே வரவும் அவர் அந்நியர். ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்த வலி விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

முடிவு

1960 பிப்ரவரியில் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரோடு நட்சத்திரம் பதித்தார்கள். அதே ஆண்டில் பேரிடி விழுந்தது. தாயாகவும் தந்தையாகவும் இருந்து கூடவே கப்பலேறி வந்த அண்ணன் ஷேக், தன் மரச்சாமான் கடையில் நடந்த கொள்ளை முயற்சியில் கொல்லப்பட்டார்.

1963ல் சாபுவுக்குச் சில படங்கள் வந்தன. 'ராம்பேஜ்' அந்த ஆண்டே வெளியாயிற்று. டிஸ்னியின் 'எ டைகர் வாக்ஸ்' படத்தில் சர்க்கஸ் புலிப் பயிற்சியாளராக நடித்து முடித்தார். அது திரைக்கு வருவதற்குள், 1963 டிசம்பர் 2ந் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மாரடைப்பால் திடீரென்று காலமானார். வயது 39. இறப்பதற்குச் சில நாள் முன்புதான் டாக்டர் உடம்பைச் சோதித்து, இவரைப் போல் எல்லோரும் இருந்தால் தனக்கு வேலையே இராது என்ற பொருளில் சொல்லியிருந்ததாக அவர் மனைவி பின்னால் தெரிவித்தார். ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அமெரிக்கா அந்தத் துக்கத்தில் மூழ்கியிருந்தபோது, மைசூர் பாகன் மகன் ஹாலிவுட் மலைச்சரிவில் உள்ள ஃபாரஸ்ட் லான் கல்லறையில் அடங்கினார்.

அவரை வளர்த்த இடமும் இப்போது இல்லை. காகனகோட்டையில் கடைசிக் கெட்டா நடந்தது 1971ல். கபினி அணை 1974ல் முடிந்தபோது கெட்டா நடந்த ஆற்றங்கரை நீரில் மூழ்கிவிட்டது. கோடையில் நீர் வற்றிப் புல் முளைக்கும்போது நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே வந்து மேய்கின்றன. அவற்றை இப்போது யாரும் துரத்துவதில்லை.

ஆனால் பழைய கெட்டாவையும், ஐராவதத்தையும், ஆற்றில் யானை மேல் படுத்திருக்கும் அந்தப் பையனையும் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 'யானைச் சிறுவன்' படத்தில் ஃபிளாஹர்ட்டி எடுத்த காட்சிகள் அப்படியே நிற்கின்றன. லண்டன் செட்டில் எடுத்ததை விட்டுவிட்டு, மைசூரில் எடுத்ததை மட்டும் கவனித்துப் பாருங்கள். அதில் சாபு எந்த ராஜாவுக்கும் சேவகன் இல்லை, எந்தக் கதாநாயகனுக்கும் தோழன் இல்லை. தன் ஊரில், தன் ஆற்றில், தன் யானையோடு இருக்கிறான்.

அடுத்த முறை குழந்தைகளை அழைத்துக்கொண்டு கபினிப் பக்கம் போகிறவர்கள், போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டுப் போகலாம். படகில் போகும்போது தண்ணீரைக் காட்டி, இதற்குக் கீழேதான் அந்தப் பையன் ஓடியாடிய கரை இருக்கிறது என்று சொல்லலாம். சாபு என்ற பெயரையும் சொல்லிக் கொடுக்கலாம். இந்தத் தடவையாவது பிழையில்லாமல்.